அமைச்சரவையை ஊதச் சொல்லுங்கள்

பூர்வகுடி மாவோரிப் பெண்கள் சிகரெட்டை விட வேண்டும் என்பதில் நியூசிலாந்து அரசுக்கு இருக்கும் அக்கறை சொல்லி மாளாது. பெட்டியின் மேல் அழுகிய கால்விரலின் படத்தைப் போட்டது. 2018-ல் பெட்டியின் பளபளப்பையெல்லாம் உரித்தெடுத்துச் சேற்று நிறம் பூசியது. விட நினைக்கிறவர்கள் கூப்பிட்டுப் பேச இலவசத் தொலைபேசி எண் வைத்தது. 2010 தொடங்கிப் பத்தாண்டுகள், கலால் வரியைப் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றி, ஒரு பெட்டியின் விலையை நாற்பது டாலர் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றால் ஒரு சின்னக் கருவியை நீட்டி "ஊதும்மா" என்கிறார்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு இல்லையென்று கருவி சொன்னால், சில வட்டாரங்களில் மளிகைக் கடைக் கூப்பன் உண்டு. கருவி வேறு மாதிரி சொன்னால் இவளுக்கு மன உறுதி போதாது, பொறுப்பு போதாது, பிள்ளைமேல் பாசம் போதாது.

நல்லது. ஆனால் அந்த நாட்டில் புகையிலைக்கு அடிமையாகிக் கிடக்கும் மூத்த நோயாளி ஒருவர் இருக்கிறார். வயது 180-க்கு மேல். அவரிடம் மட்டும் யாரும் அந்தக் கருவியை நீட்டுவதில்லை. அவர் பெயர் அரசு.

நோயாளியின் பழைய கோப்பைக் கொஞ்சம் புரட்டலாம். புகையிலை மாவோரிகளின் மண்ணில் விளைந்த செடியே அல்ல. 1769-ல் குக்கின் கப்பல் கரை தொடும் வரைக்கும் அவர்களுக்குப் புகைக்கத் தெரியாது. 1839-ல் நியூசிலாந்து கம்பெனி என்ற பிரிட்டிஷ் குடியேற்ற நிறுவனம் இன்றைய வெலிங்டன் துறைமுகத்தைச் சுற்றியிருந்த நிலத்தை "விலைக்கு வாங்கியது". கொடுத்த விலையில் துப்பாக்கியும் போர்வையும் இருந்தன, சிவப்பு நிற இரவுத் தொப்பி, குடை, முத்திரை அரக்கு எல்லாம் இருந்தன, புகையிலையும் இருந்தது. ஒரு தலைநகரத்துக்கு இந்த விலை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வைதாங்கியில் பிரிட்டிஷ் மகுடத்தோடு உடன்படிக்கை. கையெழுத்திட்ட தலைவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு போர்வை, கூடவே கொஞ்சம் புகையிலை. தொப்பி மக்கிப்போனது. குடைக்கம்பி துருப்பிடித்தது. போர்வை நைந்தது. நிலம் போனது போனதுதான். கொடுத்த சீதனத்தில் வீடு வீடாக இன்றும் மிச்சமிருப்பது புகையிலை ஒன்றே. அதைத்தான் இப்போது அரசாங்கத் துண்டறிக்கைகள் "வாழ்க்கைமுறைத் தேர்வு" என்று எழுதுகின்றன. யார் தேர்ந்தது ஐயா? தேர்ந்து, மூட்டை கட்டி, கப்பலில் ஏற்றி, கையில் திணித்தது யார்?

பிறகு என்ன ஆயிற்று என்பதை மருத்துவமனைகள் சொல்லும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவோரிப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தினமும் புகைத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் உலகத்திலேயே மிக அதிகமாகத் தாக்கும் பெண்களில் அவர்களும் உண்டு. நாடு முழுவதும் புகையால் சாகிறவர்கள் ஆண்டுக்கு 5,000 பேர் அளவில்.

இன்று அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. யாரால் குறைந்தது? மாவோரிகள் தங்கள் இனத்தைப் புகையிலை தின்கிறது என்று கூச்சல் போட்டதால். டாரியானா டூரியா போன்ற தலைவர்கள் பாராளுமன்றத்தின் மாவோரி விவகாரக் குழுவில் புகையிலைக் கம்பெனிகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்க வைத்ததால். அந்த விசாரணைக்குப் பிறகுதான் 2011-ல் அரசு "2025-க்குள் புகையில்லா நாடு" என்று இலக்கு வைத்தது. முதன்முதலில் புகையிலையைக் கையில் கொடுத்தவர்கள், அதை நிறுத்தும் யோசனையையும் வாங்கியவர்களிடமிருந்தே பெற்றுக்கொண்டார்கள். ரசீது கொடுத்ததாகத் தெரியவில்லை.

மாவோரிப் பெண்கள் ஒன்றுகூடி என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மேலே போவோம். புகையை விடுவது தனியாளின் வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு மாவோரிச் சாவு வீட்டைப் பார்த்ததில்லை. மூன்று நாள் ஊர் கூடியிருக்கும். அடுக்களை வேலைக்கு நடுவே அக்கா தங்கைகள், சித்தி பிள்ளைகள், நாத்தனார்கள் பின்பக்கம் ஒதுங்கி ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பார்கள். அழுகை, சிரிப்பு, புறணி, பண உதவி, பழைய சண்டைக்குச் சமாதானம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான். "நான் விட்டுட்டேன்" என்று ஒருத்தி உள்ளேயே நின்றுவிட்டால் அவள் விட்டது சிகரெட்டை மட்டுமா? தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் மகராசிக்கு இது எப்படித் தெரியும்? "புகைப்பவர்கள் இருக்கும் இடத்தைத் தவிர்க்கவும்" என்று அட்டையைப் பார்த்துப் படிப்பார். அந்த இடம் அவளுடைய அம்மா வீடு.

அதனால்தான் கூட்டமாக விடுகிறார்கள். பின்பக்கம் ஒதுங்கும் அதே கூட்டம், அதே வம்பு, அதே சிரிப்பு. கையில் மட்டும் வேறொன்று. ஹரகெகெ என்ற நெடுந்தாழைக்கு நடுவில் குருத்து. அதைப் பிள்ளை என்பார்கள். இருபுறமும் ஒட்டி நிற்கும் இலைகள் தாய் தகப்பன். அவற்றைத் தொடாமல் வெளி இலைகளை மட்டும் சாய்வாக வெட்டி எடுக்கிறார்கள். ஓரத்தையும் நடு நரம்பையும் நீக்கி, நகத்தால் கீறி ஒரே அகலத்தில் பட்டை பட்டையாகக் கிழித்து, கத்தியின் முதுகில் இழுத்து இழுத்துப் பதமாக்குகிறார்கள். இலையடியில் ஊறும் பசை விரலெல்லாம் பிசுபிசுக்கும். அந்தக் கையால் சிகரெட்டை உருட்ட முடியாது. பின்னி முடித்தால் கைக்குழந்தை படுக்கும் கூடை. வஹாகுரா.

இந்தக் கூடைக்கு ஒரு கதை உண்டு. வயிற்றில் இருக்கும்போது தாய் புகைத்திருந்தால், பிறந்த பிள்ளை அவளோடு ஒரே படுக்கையில் தூங்கும்போது திடீரென்று இறந்துபோகும் ஆபத்து பன்மடங்கு அதிகம். அதிகாரிகள் சொன்ன தீர்வு: பிள்ளையைப் பக்கத்தில் போடாதே. பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்வதே வழக்கமாக உள்ள இனத்திடம் போய்ச் சொன்னார்கள், யார் கேட்பார்? 2006 வாக்கில் கிழக்குக் கரையில், கிஸ்போர்ன் பக்கம், மாவோரி மருத்துவர் ஒருவரும் பின்னல்காரப் பெண்களும் சேர்ந்து வேறு வழி கண்டார்கள். கூடை தாயின் படுக்கையிலேயே இருக்கட்டும், பிள்ளை கூடைக்குள் இருக்கட்டும். கூடையைப் பின்ன வந்து உட்காருகிற கர்ப்பிணிகளிடம் புகையைப் பற்றியும் பேசலாம். அதட்டல் இல்லை, அவமானம் இல்லை. அதே கூடத்தில் தேநீரும் சாப்பாடும். கூடவே தொந்தரவாக ஒரு பாட்டி, "உன் அம்மாவுக்கும் நான்தான் பிரசவம் பார்த்தேன்" என்று ஆரம்பிப்பாள்.

பேச்சு இருக்கட்டும், பலன் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு: உண்டு. 1990களின் கடைசியில் மாவோரிப் பெண்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்றே "அவுகாத்தி கைபைப்பா" என்ற திட்டம் சில ஊர்களில் தொடங்கியது. நடத்தியவர்கள் மாவோரிகள். நிக்கோட்டின் பட்டை ஒட்டுவதும் உண்டு, வீடு தேடிப் போய் உட்கார்ந்து பேசுவதும் உண்டு. ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு பேர் புகையை விட்டிருந்தார்கள். இப்படி ஒரு திட்டம் கையில் இருந்தால் அரசு என்ன செய்ய வேண்டும்? சரியாகச் சொன்னீர்கள். 2016-ல் புகை நிறுத்தச் சேவைகளையெல்லாம் ஒரே கூடையில் கொட்டிக் கிளறிப் புது டெண்டர் விட்டது. அந்தத் திட்டத்தின் ஒப்பந்தங்கள் அதோடு முடிந்தன. நிர்வாகத்தில் இதற்குச் சீரமைப்பு என்று பெயர்.

"பண்பாட்டுப் பாதுகாப்பு" என்ற கொள்கையே இந்த நாட்டில் பிறந்ததுதான். இரிஹாபெத்தி ராம்ஸ்டென் என்ற மாவோரிச் செவிலியர் 1980களின் கடைசியில் அதை வளர்த்தெடுத்தார். அவர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. சிகிச்சை ஒருவருக்குப் பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு? கட்டிலில் படுத்திருப்பவருக்கு என்றார் அவர். செவிலியருக்கு அல்ல, மேலதிகாரிக்கு அல்ல, அமைச்சருக்கு நிச்சயமாக அல்ல. 1992-ல் செவிலியர் மன்றம் அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்ததும் பத்திரிகைகள் கொதித்தன. பாராளுமன்றக் குழு விசாரணைக்கு உட்கார்ந்தது. முப்பது ஆண்டுகளில் அந்தக் கொதிப்பு அடங்கிவிட்டது. இப்போது அதே கொள்கையை அலுவலகங்கள் கணினிப் பயிற்சியாக்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்கின்றன. துண்டறிக்கையின் மூலையில் சுருள் சுருளாக ஒரு மாவோரிக் கோலத்தைப் போட்டுவிட்டால் பண்பாடும் ஆயிற்று, பாதுகாப்பும் ஆயிற்று. தீர்ப்புச் சொல்லும் உரிமையை மட்டும் கட்டிலில் படுத்திருப்பவரிடம் இன்னும் கொடுத்தபாடில்லை.

வேப் எனும் மின்சிகரெட் பற்றியும் ஒரு வார்த்தை. சிகரெட்டை விட உதவும் என்று கதவு திறந்துவிட்ட சரக்கு அது. உதவியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லாச் சுவைகளையும் விற்கத் தனி வேப் கடைக்குத்தான் உரிமம் என்று சட்டம் சொன்னதும், முக்குக் கடைகளில் என்ன நடந்தது? ரொட்டி, பால், மிட்டாய் விற்கும் கடையின் ஒரு பக்கம் ஒட்டுப்பலகைத் தடுப்பு எழுந்தது. தடுப்பில் ஒரு கதவு, கதவுக்கு மேல் ஒரு பலகை. ஆயிற்று தனிக் கடை. பள்ளி விட்டு மிட்டாய் வாங்க வரும் பிள்ளை தடுப்பின் இந்தப் பக்கம், மாம்பழ வாசனை அந்தப் பக்கம். 2022-ல் பதினான்கு, பதினைந்து வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கில், தினமும் வேப் பிடிக்கும் மாவோரிச் சிறுமிகள் ஐந்தில் ஒருவருக்கு மேல். அம்மாவைச் சிகரெட்டிலிருந்து மீட்கப் போட்ட பாலத்தில் மகள் எதிர்த்திசையில் நடந்து போகிறாள்.

முக்குக் கடைக்காரர்களில் நிறையப் பேர் நம் இந்தியர்கள். குஜராத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் போனவர்கள். நாற்பது டாலர்ப் பெட்டிக்காகக் கடையை உடைக்கிற திருடனிடம் அடி வாங்குகிறவர்களும் அவர்களே. "எங்கள் கடைகளைக் காப்பாற்றுங்கள்" என்று 2023 தேர்தலுக்கு முன் ஒரு பிரச்சாரம் கிளம்பியது. பாவப்பட்ட கடைக்காரரின் முகம் முன்னால், புகையிலைக் கம்பெனிகளின் பணம் பின்னால். திருடன் கல்லாவைத்தான் எடுத்தான். இவர்கள் முகத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே அடியேனின் கோரிக்கை இது. கூடை பின்ன வரும் பெண்களோடு உட்காரும் அந்தப் பாட்டிமார்களை அமைச்சரவைக்கும் ஒரு குழு நடத்தச் சொல்ல வேண்டும். மாவோரி ஊர்க் கூடமான மராயில்தான் நடக்க வேண்டும். அமைச்சர்கள் வாசலில் நிற்கட்டும், உள்ளிருந்து ஒரு பெண் குரலெடுத்து அழைக்கட்டும், காலணியைக் கழற்றிவிட்டு வரட்டும். சுவர் நிறைய இறந்துபோனவர்களின் படங்கள் இருக்கும். சிகரெட் பெட்டியில் அச்சடிக்கிற நுரையீரல் படத்தைவிட அவை கடுமையானவை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயரைச் சொல்லி அழ ஆளும் அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் அறிமுகம். அங்கே யாராக இருந்தாலும் தன் மலையையும் தன் ஆற்றையும் சொல்லித்தான் தன்னைச் சொல்ல வேண்டும். அமைச்சரவையிலும் மாவோரிகள் இருக்கிறார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் அவர்களிடம் பஞ்சமில்லை, சொல்லும்போது நாக்கு கொஞ்சம் உலரலாம். மற்றவர்கள் யோசித்து, "எங்கள் மலை பட்ஜெட் பற்றாக்குறை, எங்கள் ஆறு கலால் வரி" என்று சொல்லிச் சமாளிக்கட்டும்.

அடுத்து, நோயாளியின் அடிமைத்தனத்தை அளக்க உலகமெங்கும் பயன்படும் ஃபாகர்ஸ்ட்ரோம் கேள்வித்தாள். ஆறு கேள்வி, மொத்தம் பத்து மதிப்பெண். பாட்டி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாசிக்கிறாள்.

"காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?"

அமைச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பதிலைப் பதிவேடு சொல்கிறது. புதிய அரசு பதவிப் பிரமாணம் எடுத்தது 2023 நவம்பர் 27. கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது நவம்பர் 24. முந்தைய அரசின் 2022-ம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் முக்கிய விதிகளை மார்ச் மாதத்துக்குள் ரத்து செய்வோம் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. கண் விழிக்கும் முன்பே பற்ற வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் என்றாலே முழுசாக மூன்று மதிப்பெண். தூக்கத்தில் புகைப்பவர்களுக்கு எத்தனை என்று ஃபாகர்ஸ்ட்ரோம் எழுதி வைக்கவில்லை.

"இப்படி என்ன அவசரம் தம்பி?" என்று பாட்டி கேட்பாள். அதற்கும் பதில் உண்டு. வெளிநாட்டார் ஆடம்பர வீடு வாங்கினால் வரி போடுவோம், அந்தப் பணத்தில் மக்களுக்கு வருமான வரியைக் குறைப்போம் என்று தேர்தலில் சொன்னது கூட்டணியின் பெரிய கட்சியான நேஷனல் கட்சி. கூட்டணிப் பேரத்தில் அந்த வரி செத்தது. பட்ஜெட்டில் ஓட்டை. புகையில்லாச் சட்டத்தை எடுத்துவிட்டால் நூறு கோடி டாலர் அளவுக்குக் கணக்கு சரியாகும் என்று, நிதி அமைச்சராக வரவிருந்த நிக்கோலா வில்லிஸ் தொலைக்காட்சியிலேயே ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வீடு வாங்கும் கோடீஸ்வரனை விட்டுவிட்டார்கள். புகையை விட முடியாமல் திணறுகிற பெண்ணிடம், இன்னும் கொஞ்ச நாள் இழு தாயே, எங்கள் வரிச்சலுகை உன் மூச்சில்தான் இருக்கிறது என்றார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

"புகைக்கக் கூடாத இடத்தில் அடக்கிக்கொள்ள முடிகிறதா?"

முடியவில்லை. மாவோரிகளின் நலவாழ்வைக் கவனிக்க 2022-ல் தே அக்கா ஃபாய் ஓரா என்ற தனி ஆணையம் உருவானது. அதை ஒழிப்பது வைதாங்கி உடன்படிக்கைக்கு விரோதம் என்று, உடன்படிக்கை மீறல்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயத்தில் வழக்கு. 2024 பிப்ரவரி 29 அன்று அவசர விசாரணை. மசோதா பாராளுமன்றத்துக்குள் நுழைந்துவிட்டால் தீர்ப்பாயத்தால் அதைத் தொட முடியாது. அரசு 27-ம் தேதி மசோதாவை நுழைத்தது. பாராளுமன்றத்தின் அவசர நடைமுறையில், தெரிவுக்குழு இல்லாமல், பொதுமக்கள் கருத்து கேட்காமல், ஆணையத்தின் கழுத்தையும் அறுத்து, புகையிலைச் சட்டத்தின் கழுத்தையும் அறுத்துவிட்டு 28-ம் தேதி கை கழுவிற்று. விசாரணைக்கு ஒரு நாள் முன்பு. பள்ளிக் கழிவறையில் புகைத்துவிட்டு வாத்தியார் வரும் முன் ஜன்னலைத் திறந்துவிடும் பையன்கூட இவ்வளவு துல்லியமாக நேரம் பார்ப்பதில்லை.

"எந்தச் சிகரெட்டை விடுவதுதான் ரொம்பக் கஷ்டம்?"

எல்லாமே என்கிறார்கள். ரத்தான சட்டத்தில் மூன்று காரியம் இருந்தது. 2009 ஜனவரி 1 முதல் பிறந்த யாருக்கும் எந்நாளும் சிகரெட் விற்கக் கூடாது. புகையிலை விற்கும் கடைகள் 6,000 அளவிலிருந்து 600-க்கு இறங்க வேண்டும். சிகரெட்டில் நிக்கோட்டினை அநேகமாக இல்லாமல் செய்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கம்பெனிகளின் அடிவயிற்றில் கைவைத்தது. அந்தச் சட்டம் முழுசாக நடந்திருந்தால், 45 வயது தாண்டிய மாவோரிப் பெண்களுக்கும் மற்றப் பெண்களுக்கும் இடையிலான இறப்பு விகித இடைவெளி 2040-ல் 23 சதவீதம் சுருங்கியிருக்கும், ஆண்களில் 10 சதவீதம்தான் என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்திருந்தார்கள். யாரை அதிகம் காப்பாற்றியிருக்கும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அமைச்சர்களுக்குக் கவலை வேறு. நார்த்லாந்து வட்டாரம் முழுக்க ஒரே ஒரு கடை மிஞ்சும், திருடர்கள் மொய்ப்பார்கள் என்று ஒருவர் பதறினார். அந்த எண்ணிக்கை தப்பு என்று பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தப்பைத் திருத்தினார்கள். முடிவைத் திருத்தவில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

சட்டத்தை ரத்து செய்த சமயத்தில் புகையிலை வரியாக ஆண்டுக்கு 150 கோடி டாலருக்கு மேல். நாள் கணக்கில் நாற்பது லட்சத்தைத் தாண்டும். பாட்டி எழுதிக்கொள்ளாமல் நிமிர்ந்து பார்க்கிறாள்.

"பகலின் மற்ற நேரத்தைவிட விடிந்ததும் அதிகம் புகைப்பீர்களா?" இதற்கு அவர்கள் சிரமப்படவே வேண்டாம். ஆட்சியின் முதல் நூறு நாள் திட்டத்தைக் கொடுத்தால் போதும்.

"நோயில் படுத்திருக்கும்போதும் புகைப்பீர்களா?"

இங்கேதான் சுகாதார இணை அமைச்சர் கேசி காஸ்டெல்லோ வருகிறார். புகையிலைக் கட்டுப்பாடு அவர் பொறுப்பு. அவர் அதிகாரிகளுக்குக் கொடுத்த ஒரு குறிப்பில், நிக்கோட்டினின் தீங்கு காபியில் இருக்கும் கஃபீன் அளவுக்குத்தான் என்ற பாணியில் சில ரத்தினங்கள் இருந்தன. செய்தியாளர்கள் துருவியபோது, அதை எழுதியது யாரென்று தமக்குத் தெரியாது என்றார். தானாக முளைத்த காகிதம்! காபி குடித்து நுரையீரலை அறுத்தெறிந்த மாவோரிப் பெண்ணின் படம் அந்தக் கூடத்துச் சுவரில் ஒன்றுகூட இல்லை. ஆவணங்களைக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் அவர் பிடித்து வைத்தது சட்டத்துக்குப் புறம்பு என்று தலைமைக் குறைகேள் அதிகாரியான ஆம்புட்ஸ்மன் தீர்ப்புச் சொல்லி, மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. 2024 ஜூலையில், புகையிலையைச் சூடேற்றி இழுக்கும் கருவிகளுக்கான சரக்கின் மீது கலால் வரி பாதியாகக் குறைந்தது. அவை புகையை விட உதவும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை என்று அதிகாரிகளே எழுதி வைத்திருந்தார்கள். அந்தச் சரக்கில் அங்கே கொடிகட்டிப் பறப்பது பிலிப் மோரிஸ். இந்தப் பெயரை மாவோரிகள் மறக்க வாய்ப்பில்லை. 2005-ல் இஸ்ரேல் கடைகளில் "மாவோரி மிக்ஸ்" என்று பெயரிட்ட சிகரெட்டை விற்ற கம்பெனி அது. அடுத்த ஆண்டு மன்னிப்புக் கேட்டது. பண்பாட்டை மதிப்பதில் அரசைவிட ஒரு படி முன்னால் போனவர்கள், பெட்டி மேலேயே அச்சடித்தார்கள். இந்த வரிக் குறைப்பால் வரும் இழப்பை ஈடுகட்ட அரசு ஒதுக்கிய தொகை 21.6 கோடி டாலர். ஊதிக் காட்டிய கர்ப்பிணிக்கு மளிகைக் கூப்பன், ஊத வைத்த கம்பெனிக்கு 21.6 கோடி.

பாட்டி கூட்டிப் பார்க்கிறாள். பத்துக்குப் பத்து. இந்தக் கூடத்தில் இதுவரை யாரும் வாங்காத மதிப்பெண். கருவியை நீட்டுகிறாள். "ஊது தம்பி." பிரதமர் கடிகாரத்தைப் பார்க்கிறார், தேர்ந்த புகைக்காரர்கள் எல்லாருமே அந்தக் கட்டத்தில் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். 2025 இலக்கு என்னவாயிற்று என்று மூலையிலிருந்து ஒரு பெண் கேட்கிறாள். ஐந்து சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று சொன்ன ஆண்டு கடந்துபோயிற்று. மாவோரிகளில் தினமும் புகைப்பவர்கள் அதற்கு மூன்று மடங்குக்குக் கிட்ட இருந்தார்கள். பிரதமர் பின்னல் வேலையைப் பாராட்டுகிறார். அழகான கூடை, புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

கூடையைக் கொடுக்க வேண்டாம் பாட்டி. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டும் படம் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

"அடுத்த வாரம் வருவீங்களா?" என்று கேட்டாள் அவள். சூடேற்றும் புகையிலைக்கு ஓராண்டுச் சோதனை என்று சொல்லிக் கொடுத்த வரிச்சலுகையை 2027 ஜூலை வரை நீட்டித்திருப்பதால் அதற்கு முன் வர இயலாது என்று செயலாளர் ஒருவர் பணிவோடு தெரிவித்தார். பாட்டி நாட்குறிப்பில் எழுதிக்கொண்டாள். அவளிடம் வரும் பெண்கள் வரிசையாக மூன்று சந்திப்புக்கு வரவில்லை என்றால் அவர்கள் கோப்பை மூடி, "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். விதி அப்படி. அமைச்சகமே வராவிட்டால் யாருக்கு எழுதி அனுப்புவது என்று படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குக் கட்டம் போடவில்லை.